செவ்வாய்க்கிழமைப் புதினம்

சுரங்கம் வர இன்னும் இருபத்தாறு நிமிஷம் இருக்கிறது. ஹுமேத் வழக்கம்போல ஏறிய உடனேயே யன்னலில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். வாய் கொஞ்சம் திறந்திருக்கிறது, காதுமடலில் கோதுமை மா ஒட்டியிருக்கிறது. பாண் தொழிற்சாலையில் இரவு முழுக்க நிற்கிறவனின் காதுமடல் எவ்வளவு கழுவினாலும் அப்படித்தான். சுரங்கத்துக்குள் ரயில் நுழையும்போது சத்தம் மாறும், அந்த மாற்றத்தில் எழும்புவான், எழும்பியதும் கேட்பான். மூன்று வருஷமாக, வேலை முடிந்து வருகிற ஒவ்வொரு காலையும் கேட்கிறான். என்ன கண்டாய், என்ன கேட்டாய், சொல்லு. அவன் சனத்துக்குள் அது ஒரு முறை, டாகு என்பார்கள். எரித்திரியாவில் செங்கடல் ஓரம் ஆடு மேய்க்கிற, மீன் பிடிக்கிற அஃபார் சனம், மொத்த நாட்டில் ஒரு கைப்பிடியளவு. வழியில் ஒருவரையொருவர் கண்டால் என்ன அவசரமானாலும் நிற்கவேணும், குந்தவேணும், கடைசியாகக் கண்ட நேரத்திலிருந்து நடந்ததெல்லாம் வரிசையாகச் சொல்லவேணும். கண்டது வேறு, கேட்டது வேறு, அதைப் பிரித்துச் சொல்லவேணும். யார் சொன்னது என்று கேட்டால் பேர் சொல்லவேணும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது, ஒளிக்கக்கூடாது. ஒருவர் முடித்தபிறகு மற்றவர் "இனி என்ரை" என்று தொடங்குவார். முதல்தரம் அவன் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கட ஊரிலும் கேட்பார்கள்தான், என்ன புதினம், என்ன செய்தி என்று, சைக்கிளை மிதித்தபடியே. அதற்கு ஒரேயொரு பதில்தான் இருக்கிறது, ஒண்டும் இல்லை. அதைச் சொன்னேன். "அப்ப ஏன் கேக்கிறியள்?" என்றான். அவனும் நானும் பேசுவது உடைந்த ஜெர்மன், ஆனால் எனக்குள் அது எப்போதும் எங்கட தமிழாகத்தான் வந்து விழுகிறது. அண்ணை என்றுதான் என்னைக் கூப்பிடுவான். தொழிற்சாலையில் எங்கட பெடியள் கூப்பிடுவதைக் கேட்டு முதல் மூன்று மாசம் அதுதான் என் பேர் என்று நினைத்து, ஒட்டுற ரேப்பில் பெரிய எழுத்தில் எழுதி என் லொக்கரில் ஒட்டியும் விட்டான். பிறகு விளங்கிவிட்டது. ஆனாலும் என் பேரை அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இப்போது இருபத்தைந்து நிமிஷம். செவ்வாய்க்கிழமை நான் கேட்ட ஒன்றை அவனுக்கு இன்னும் சொல்லவில்லை. புதன் காலை சொல்லவில்லை, வியாழன் சொல்லவில்லை, வெள்ளி சொல்லவில்லை. இன்றைக்குச் சனி. பதினொரு மணிக்கு அவன் தன் சனம் சார்பாக ஒரு கடதாசியில் கையெழுத்து வைக்கப் போகிறான். வைத்துவிட்டால் பிறகு நான் சொன்னதும் ஒன்றுதான், சொல்லாததும் ஒன்றுதான்.

ஹீற்றர் அன்றைக்குப் பழுதாகாமல் இருந்திருக்கலாம். அல்லது ஹோலைப் பூட்டித் திறக்கிற திறப்பு என்னிடம் இல்லாமல் இருந்திருக்கலாம். தேவாலயத்துக்குக் கீழே இருக்கிற அந்த ஹோலில் எங்கட தமிழ்ப் பள்ளிக்கூடமும் நடக்கிறது, யாரோ வெள்ளைக்காரர் கோரஸ் பாடிப் பழகுகிறார்கள், தங்கள் நாட்டு அரசை எதிர்க்கிற ஐந்து அமைப்பு சேர்ந்த ஹுமேத் ஆட்களின் முன்னணியும் கூடுகிறது. நான் அயலில் இருக்கிறவன், பகலில் வீட்டில் நிற்கிறவன் என்று திறப்பை என்னிடம் தந்திருக்கிறார்கள். இரவு வேலை செய்கிறவன் பகலில் சும்மா நிற்கிறான் என்றுதான் உலகம் நினைக்கிறது. செவ்வாய் பின்னேரம், சுடுதண்ணி ஓடுகிற ஹீற்றருக்குள் காற்றுப் பிடித்துவிட்டது என்று போன் வந்தது. சின்னத் திறப்பும் வாளியும் கொண்டுபோய், மடிப்புக்கதவுக்குப் பின்னால் கதிரைகள் அடுக்கிய இடத்தில் குந்தியிருந்து காற்றைத் திறந்துவிட்டேன். உஸ் என்று காற்று, பிறகு கறுப்புத் தண்ணி, பிறகு சுத்தமான தண்ணி. அந்த உஸ் நின்றபிறகுதான் கதவுக்கு மற்றப் பக்கம் குரல் கேட்டது. யெமானே. முன்னணியின் தலைவர். இன்னும் இரண்டுபேர். உதவி நிறுவனத்துப் பெண் ஒருத்தியும் இருந்தபடியால் ஜெர்மன். அவர்களுடைய மொழியில் கதைத்திருந்தால் எனக்கு அது ஹீற்றர் சத்தம் மாதிரித்தான் இருந்திருக்கும், நானும் வாளியைத் தூக்கிக்கொண்டு நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். அந்தப் பெண் சனிக்கிழமை கையெழுத்தாகிற ஒப்பந்தத்தின் எட்டாம் பிரிவைப் பற்றிக் கேட்டாள். எட்டாம் பிரிவு எனக்கும் மனப்பாடம். ஹுமேத் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு உள்பொக்கற்றில் வைத்திருக்கிறான், இடைவேளையில் எனக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். மூன்றே மூன்று வசனம். சின்னச் சனங்களின் பிள்ளைகள் தங்கள் மொழியில் படிக்கலாம். அவர்களுடைய கரையையும் நிலத்தையும் அவர்களைக் கேட்காமல் யாருக்கும் கொடுக்கமுடியாது. இந்த இரண்டையும் மாற்றுவதென்றால் அவர்களும் சம்மதிக்கவேணும். யெமானே சொன்னார், சனிக்கிழமை எட்டாம் பிரிவோடு வாசிப்போம், கையெழுத்துத் தாள் தனி, அச்சுக்குப் போகிற பிரதியில் எட்டாம் பிரிவு இருக்காது, அந்த இடத்தில் 'விடுதலைக்குப் பிறகு பேசப்படும்' என்று ஒரு வரி வரும், கையெழுத்துத் தாளை அதோடு சேர்த்துக் குத்துவோம். "அவர்களுக்குத் தெரியுமா?" என்றாள். "தெரியவரும். எங்கட ஆக்கள்தானே, விளங்கிக்கொள்ளுவினம்." கையெழுத்துத் தாள் தனி. நாலு நாளாக இந்த மூன்று சொல்லும் என்னோடு வேலைக்கு வந்து வேலையால் போகிறது. பெல்ற்றில் பாண் வர வர, ஒவ்வொரு பாணும் தனி, தட்டம் தனி, தாள் தனி.

யெமானே கூடாத மனுசன் என்றால் நான் புதன்கிழமையே சொல்லியிருப்பேன், அதுதான் கரைச்சல். வாளியோடு நான் வெளியே வந்தபோது அவர் திடுக்கிடவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்தார், தன் கையால், இடதுகாலை இழுத்து இழுத்து வந்து. அந்தக் கால் சிறையில் போனது. இரும்புக் கொள்கலப் பெட்டிக்குள் நாலு வருஷம் வைத்திருந்தார்கள், பகலில் அடுப்பு, இரவில் ஐஸ். அதே பெட்டிக்குள் ஹுமேத்தின் தமையனும் இருந்தான், யெமானேயின் மடியில்தான் செத்தான். கடைசித் தண்ணி அவர்தான் கொடுத்தது. ஹுமேத் அவரை நம்புவது கடதாசியால் அல்ல, அந்தத் தண்ணியால். தேத்தண்ணியைத் தந்துவிட்டு என் தோளில் கை வைத்துச் சொன்னார், "தம்பி, உங்கட ஆக்கள் ஏன் தோத்தவை எண்டு நான் நிறைய வாசிச்சனான். ஒற்றுமை இல்லை. ஆளையாள் நம்பேல்லை. நாங்கள் அந்தப் பிழையை விடமாட்டம்." நான் தலையாட்டினேன். தலையாட்டினேனே. அவர் என்னை வாய்மூடச் சொல்லவில்லை, பயமுறுத்தவில்லை, நான் கேட்டேனா இல்லையா என்றுகூடக் கேட்கவில்லை. சூடான தேத்தண்ணி, தோளில் ஒரு கை, அவ்வளவுதான், நான் அவருடைய ஆளாகிவிட்டேன். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஐந்து அமைப்பை ஒரு மேசைக்குக் கொண்டுவர அவருக்குப் பதின்மூன்று வருஷம் போனது. எட்டாம் பிரிவு அச்சில் வந்தால் நாட்டுக்குள் இருக்கிற பெரும்பான்மைச் சனம், இவங்கள் நாட்டைப் பிய்க்கிறாங்கள் என்று சொல்லும், அங்கே அதிகாரத்தில் இருக்கிறவனுக்கு அல்வா சாப்பிட்ட மாதிரி இருக்கும். நான் வாயைத் திறந்தால் ஹுமேத் எழும்பிப் போவான், அவனோடு இன்னும் இரண்டு அமைப்பு போகும், பதின்மூன்று வருஷம் ஒரு காலமையில் முடிந்துவிடும். யாரால்? பாண் அடுக்குகிற ஒரு யாழ்ப்பாணத்தானால். பிறத்தியாரின் விஷயத்தில் மூக்கை நுழைத்தவனால். ஆனால் ஹுமேத் இந்த எட்டாம் பிரிவை எத்தியோப்பியாவில் முகாமில் இருக்கிற மாமனுக்குப் போனில் வரிவரியாக வாசித்தவன். மாமன் கேட்டாராம், ஆர் சொன்னது, எங்கை வைச்சுச் சொன்னது, நீ கண்ணாலை கண்டியோ? கண்டனான் மாமா, தாளிலை இருக்கு. மாமன் அதைக் கிணற்றடியில் சொல்ல, அங்கிருந்து ஒட்டகத்தோடு போகிறவன் கொண்டுபோக, இப்போது கரை முழுக்க ஹுமேத்தின் பேரோடு அந்த மூன்று வசனமும் நடந்து திரிகிறது. நாளைக்கு அது இல்லை என்றால் பொய் சொன்னது யெமானே ஆகமாட்டார், ஹுமேத்தான். அவன் ஒருதரம் சொன்னான், அவர்களூரில் ஒருவன் மழை பெய்த இடத்தை அரைகுறையாகச் சொன்னானாம், நம்பி ஆடுகளை ஓட்டிப்போன குடும்பத்துக்கு நாற்பது ஆடு செத்துப்போனதாம். "அவனை அடிச்சவையோ?" என்று கேட்டேன். "இல்லை. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அவனிட்டைப் புதினம் கேக்கேல்லை." சொல்லிவிட்டு ஹுமேத் முகத்தைத் துடைத்துக்கொண்டான், ஏதோ கொலைக்கதை சொன்னவன் மாதிரி.

ஆறு தெரிகிறது. ஆறு தெரிந்தால் சுரங்கத்துக்குப் பதினொரு நிமிஷம். வயல்களில் பனி, ஒரு வீட்டுக் குசினியில் வெளிச்சம், யாரோ ஒரு பெண் கோப்பிக் கோப்பையோடு ரயிலைப் பார்க்கிறாள். வியாழன் காலை இந்த இடத்தில்தான் சொல்லிவிடுவோம் என்று தொண்டையைச் செருமினேன், அவன் எழும்பவில்லை, நல்லதுக்கு என்று விட்டுவிட்டேன். நல்லதுக்கு. தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியிலும் இதே சொல்தான். நான் அப்போது பசுபதி அண்ணையின் லவுட்ஸ்பீக்கர் கடையில் நின்றேன், இருபது வயது. கரண்ட் இல்லை, எல்லாம் பட்டரியில். பின்னேரம் இயக்கப் பெடியன் ஒருத்தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிற்பாட்டினான், மேலே இரண்டு ஹோர்ண் கட்டவேணும், நாளைக் காலமைக்கு வேணும். "எங்கை அறிவிப்பு?" என்றேன், வயரை முறுக்கிக்கொண்டு, சும்மா வாயில் வந்தது. "சோனகத் தெருப் பக்கம்," என்றான். அது முஸ்லிம் சனத்தின் இடம். மன்னாரில் அந்தச் சனத்தை இயக்கம் எழுப்பி அனுப்பிவிட்டது என்று அந்தக் கிழமை காதில் விழுந்திருந்தது. பசுபதி அண்ணை என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். அவர் குனிந்து பட்டரிக்குத் தண்ணி விட்டார். கட்டி முடித்து, ஹலோ ஒன்று இரண்டு மூன்று என்று சோதித்துக் கொடுத்தேன், சத்தம் துல்லியமாக இருந்தது. பிறகு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஐந்துசந்திக்குப் போனேன். அங்கே ஜுனைதீன் மணிக்கூடு திருத்துகிறவன், பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் பக்கத்தில் இருந்தவன், என்னுடைய கைமணிக்கூடு அவனிடம் கிடந்தது. "நாளைக்கெல்லோ வரச் சொன்னனான், இண்டைக்கே வந்து நிக்கிறாய்? பொம்பிளை பாக்கப் போறியோ மச்சான்?" என்றான், கண்ணில் அந்தப் பூதக்கண்ணாடி. சும்மா இந்தப் பக்கம் வந்தனான் என்றேன். எனக்காக வேறு வேலையைத் தள்ளிவைத்து அதை முடித்தான், முள்ளை ஊதினான், காதில் வைத்துக் கேட்டான், என் கையில் தானே கட்டிவிட்டான். வார் ஒரு ஓட்டை தள்ளி இறுக்கமாக இருந்தது. "வேறை என்ன புதினம்?" ஒண்டும் இல்லை. ஒரு புதினமும் இல்லை மச்சான். அடுத்த நாள் நான் கட்டிக்கொடுத்த ஹோர்ணில் முஸ்லிம் சனம் எல்லாரையும் மைதானத்துக்கு வரச்சொன்னார்கள், இரண்டு மணித்தியாலத்துக்குள் ஊரைவிட்டுப் போகவேணும், உடுத்த உடுப்போடு. சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? ஒன்றும் நடந்திராது. எல்லாரும் போகத்தான் வேண்டிவந்திருக்கும். ஒரு இரவு முந்தித் தெரிந்திருந்தால் அவன் தன் சின்னத் தொழில் ஆயுதங்களை, அந்தக் கைக்குறடு, ஊசிமுனைத் திருப்புளி எல்லாவற்றையும், உடுப்புக்குள் எங்காவது தைத்து மறைத்திருப்பான். அல்லது மாட்டான். முப்பத்து நாலு வருஷமாக இந்தக் கணக்கு எனக்குச் சரிவரவில்லை. ஒற்றுமைக்காகப் பேசாமல் இருந்தேன் என்று சொல்லலாம், பயத்தில் இருந்தேன் என்றும் சொல்லலாம், இரண்டும் உண்மை, இரண்டையும் மன்னிக்கலாம். ஆனால் மணிக்கூட்டை ஒரு நாள் முந்திப் போய் எடுத்தேனே. அதற்கு என்ன பேர்?

சத்தம் மாறியது. யன்னல் கறுத்து அதில் எங்கள் இரண்டுபேரின் முகமும் வந்தது. ஹுமேத் கண்ணைத் திறந்தான், வாயைத் துடைத்தான், நிமிர்ந்து இருந்தான். "அண்ணை. சொல்லு." நான் தொடங்கினேன், எப்போதும்போலச் சின்னச் சாமான்களில். மூன்றாம் பெல்ற் விடிய மூன்று மணிக்கு நின்றது, கண்டது. புதுசாக வந்த போத்துக்கீசக்காரி அழுதாள், கண்டது, ஏன் என்று தெரியாது. அடுத்த கிழமை ஷிப்ற் மாறுதாம், கேட்டது, மேற்பார்வையாளன் சொன்னான். "வேறை?" அந்த இடத்தில் நேற்றுவரை ஒண்டும் இல்லை என்று ஒரு சொல் இருந்தது. வாய் அதற்குத் தயாராகவே போனது. "செவ்வாய் பின்னேரம் ஹோலிலை ஒண்டு கேட்டனான்," என்றேன். சொன்னேன். கூட்டவில்லை, குறைக்கவில்லை. அவன் இடையில் பேசவில்லை, முடிந்தபிறகு ஒவ்வொன்றாகக் கேட்டான், நீதவான் மாதிரி. "ஆர் ஆர் இருந்தவை?" சொன்னேன். "நீ எவ்வளவு தூரத்திலை?" ஒரு கதவு. "தாளைக் கண்டனியோ?" இல்லை, கேட்டது மட்டும். "யெமானேயின்ரை வாயாலையோ?" அவரின்ரை வாயாலைதான். உள்பொக்கற்றில் கை போனது, பிளாஸ்டிக் உறையை வெளியில் எடுக்கவில்லை, அங்கேயே தொட்டுக்கொண்டிருந்தான். சுரங்கம் முடிந்து வெளிச்சம் அடித்தது. பிறகு கேட்டான், "செவ்வாய்க்கிழமைப் புதினத்தை ஏன் சனிக்கிழமை சொல்லுறாய்?" முன்னணி உடையும் என்று பயந்தேன் என்றேன். "அதில்லை." யெமானே நல்ல மனுசன் என்றேன். "அது எனக்கும் தெரியும். அதில்லை." அப்போது மணிக்கூட்டுக் கதையைச் சொன்னேன், என் மனிசிக்கும் சொல்லாத கதையை, ஒரு காலை ரயிலில், உடைந்த ஜெர்மனில். பூதக்கண்ணாடிக்கு ஜெர்மன் சொல் வரவில்லை, விரலை வளைத்துக் கண்ணில் வைத்துக் காட்டினேன். அதையும் அவன் அதே மாதிரித்தான் கேட்டான். "மணிக்கூடு எங்கை?" நாட்டைவிட்டு வரேக்கை ஒரு ஆறு கடந்தனாங்கள், தண்ணி போய் நிண்டிட்டுது, எறிஞ்சுபோட்டன். "அந்த ஆள்?" புத்தளத்திலை இருக்கிறானாம். "கண்டதோ, கேட்டதோ?" கேட்டது. "தேடேல்லையோ?" இல்லை. ஸ்டேஷன் வந்தது. நான் சொல்லி முடித்தால் அவன் "இனி என்ரை" என்று தொடங்கவேணும். தொடங்கவில்லை. எழும்பினான், ஜக்கற்றின் சிப்பை இழுத்தான், எனக்கு முன்னால் இறங்கி நடந்தான்.

ஸ்டேஷனிலிருந்து ஹோலுக்குப் பத்து நிமிஷ நடை. அவன் பத்தடி முன்னால். பாதையில் உப்புப் போட்டிருந்தார்கள், காலடியில் நொறுங்கியது. அவன் குதிகாலில் ஒட்டியிருந்த மா ஈரத்தில் கரைந்து, வெள்ளையாகக் காலடி விழுந்துகொண்டே போனது, நான் அதை மிதிக்காமல் நடந்தேன், ஏனென்று தெரியாது. அதுக்குப் பிறகு ஒருத்தரும் அவனிட்டைப் புதினம் கேக்கேல்லை. திங்கட்கிழமை காலை அவன் வேறு பெட்டியில் ஏறுவான், அல்லது இதே பெட்டியில் என் பக்கத்தில் இருந்து, சுரங்கத்தில் எழும்பி, ஒன்றும் கேட்காமல் யன்னலைப் பார்த்துக்கொண்டு வருவான். இரண்டாவதைத்தான் தாங்கமுடியாது என்று நினைத்தேன். கதவைத் திறந்தேன், லைற்றைப் போட்டேன், ஹீற்றரைத் தொட்டுப் பார்த்தேன், நல்ல சூடு. மடிப்புக்கதவைத் தள்ளி ஒவ்வொரு கதிரையாக எடுத்து வைத்தேன். அவன் வாசற்படியில் நின்றபடி போனில் தன்னுடைய மொழியில் கனநேரம் கதைத்தான், மாமனோடாக இருக்கும். பிறகு உள்ளே வந்து, கதிரை அடுக்கில் மற்றப் பக்கத்தைப் பிடித்தான். இரண்டுபேருமாக இருபது, இருபத்தைந்து கதிரை வைத்திருப்போம்.

"இனி என்ரை," என்றான்.

நான் கதிரையைப் பிடித்தபடியே நின்றேன்.

"இரவு நாலாம் அடுப்பு ரெண்டு தரம் அணைஞ்சது, கண்டது. மாமாவுக்கு இருமல் நிண்டிட்டுது, கேட்டது, அவரே சொன்னவர். காலமை ரயிலிலை ஒருத்தன் எனக்கு ஒரு புதினம் சொன்னவன். நாலு நாள் பிந்தித்தான் சொன்னவன்." கதிரையைக் கீழே வைத்துக் கால்களை நேராக்கினான். "பதினொரு மணிக்கு நான் எழும்பி அதை எல்லாருக்கும் முன்னாலை சொல்லப்போறன்."

"உடையப்போகுது ஹுமேத்."

"உடையலாம். எட்டாம் பிரிவு இருக்கிற தாளிலேயே எல்லாரும் கையெழுத்து வைப்பம் எண்டு கேக்கப்போறன். யெமானே முதல் வைக்கட்டும். வைச்சால் உடையாது." அடுத்த கதிரையைத் தூக்கினான். "என்ரை தமையனுக்குத் தண்ணி குடுத்த கைதானே. வைக்கும். வைக்கவேணும்."

இதில் எது நம்பிக்கை, எது வேண்டுதல் என்று அவனுக்கே தெரிந்ததோ தெரியாது. மேலே தேவாலய மணி எட்டரைக்கு அடித்தது.

"அண்ணை. ஆர் சொன்னது எண்டு அவை கேப்பினம். கேட்டால் நான் பேர் சொல்லவேணும். சொல்லாட்டி அது டாகு இல்லை, வம்பளப்பு." அவன் என்னைப் பார்க்கவில்லை, கதிரைகளின் வரிசை நேரா என்று பார்த்தான். "சொல்லட்டோ?"

யெமானேயின் கை என் தோளில் இருந்த இடம் எனக்குச் சரியாகத் தெரிந்தது. இந்தத் திறப்பு இனி என்னிடம் இருக்காது, அது பரவாயில்லை. அந்த மனுசன் கால் இழுத்து வந்து இனி எனக்குத் தேத்தண்ணி ஊற்றமாட்டார். அது பரவாயில்லை என்று சொல்ல வரவில்லை. மேல்வாசல் கண்ணாடிக்குள்ளால் பார்க்க, துணி மூடின தட்டத்தைக் கையில் ஏந்தியபடி நேரத்தோடே அவர்தான் முதல் ஆளாகச் சரிவில் இறங்கி வந்துகொண்டிருந்தார். அவர்களுடைய வட்டப் பாணாக இருக்கும், கூட்டத்துக்கு என்று வீட்டில் சுட்டது.

"சொல்லு," என்றேன். "அண்ணை எண்டு சொன்னால் ஒருத்தருக்கும் விளங்காது. தொழிற்சாலையிலை பத்து அண்ணை நிக்கிறாங்கள். தவபாலன்."

"தபாலன்."

"இல்லை. தவ. பாலன்."

"தவபாலன்," என்றான். காதில் வைத்துக் கேட்கிறவன் மாதிரித் தலையைச் சரித்து, இன்னும் ஒருதரம் சொல்லிப் பார்த்தான். சரியாகத்தான் சொன்னான். நான் போய்க் கதவைத் திறந்துவிட்டேன், யெமானேயின் கை இரண்டும் தட்டத்தில் இருந்தபடியால்.